எந்தப் பணத்து மாடு

பணம் வந்த சத்தம் கேட்டபோது அடுவோல் ஏரிக்கரையில் குனிந்து மீன் கிளறிக்கொண்டிருந்தாள். பழைய வலையை மணலில் விரித்து அதன்மேல் ஒமேனாப் பொடிமீனைப் பரப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் கரைப்பக்கம் வராதவர்கள். வெயில் ஒரு பக்கமே ஏறாமல் கையால் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும், காக்கையையும் கொக்கையும் விரட்ட வேண்டும், மேகம் கறுத்தால் அத்தனையையும் வாரிக்கொண்டு ஓட வேண்டும். இடுப்பு கழன்றுவிடும். அவள் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து, கண்ணிலிருந்து தள்ளிப் பிடித்துப் படித்தாள். கொழுந்தன் ஒலுவோச் அனுப்பியிருந்தான். தொகையும் கொஞ்சநஞ்சம் இல்லை.

அண்ணன் செத்த கையோடு அவனுடைய படகு எஞ்சினை விற்று வாயில் போட்டுக்கொண்டவன் ஒலுவோச். அண்ணன் மகனுக்குக் கல்யாணம் என்றதும் மனசு உறுத்தியிருக்கும், எஞ்சின் காசைத் திருப்பியிருக்கிறான் என்று அடுவோல் நினைத்துக்கொண்டாள். தேவனுக்கு ஒரு நன்றியைச் சொல்லிவிட்டுப் போனை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு மறுபடி குனிந்தாள்.

தப்பு அங்கேதான் நடந்தது. எங்கள் கரையில் யாராவது கையில் பணத்தை வைத்தால், வாங்குகிறவள் விரலை மூடுவதற்கு முன்னால் “இது என்ன பணம்?” என்று கேட்பாள். கொடுக்கிறவனும் கோபித்துக்கொள்ள மாட்டான். நிலம் விற்ற பணம், தங்கக் குழியில் எடுத்த பணம், வழியில் கிடந்த பணம், வீட்டுச் சேவலை விற்ற பணம் எல்லாம் கசப்புப் பணம். அதில் சர்க்கரை வாங்கலாம், மண்ணெண்ணெய் வாங்கலாம், பீர் குடித்துத் தீர்க்கலாம். பெண்ணெடுக்க மாடு மட்டும் வாங்கக் கூடாது. வாங்கினால் வந்த பெண் தங்க மாட்டாள், அவள் தங்கினாலும் அவள் பெற்றது தங்காது. படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுத் தங்கள் மகன் கல்யாணத்துக்குச் சம்பளப் பணத்தைத் தனியாக எடுத்து வைப்பார்கள், நானே பார்த்திருக்கிறேன்.

நோட்டாக இருந்த காலத்தில் சிரமம் இல்லை. கசப்புப் பணத்துக்கு ஒரு டப்பா, மற்றதற்கு ஒரு டப்பா. சிலர் கசப்பு டப்பாவை வீட்டுக்குள்ளேயே விடாமல் கோழிக்கூட்டில் வைத்திருந்தார்கள். போனில் வரும் பணத்துக்குக் கையும் இல்லை, முகமும் இல்லை. டிங் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அதனிடம் யார் போய் என்ன கேட்பது? அடுவோல் கேட்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் மகன் ஒவிட்டி அவள் போனை வாங்கிக்கொண்டு மாட்டுச் சந்தைக்குப் போனான். அவன் மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றிப் பிழைக்கிறவன். போனின் ரகசிய எண்ணை அவனே வைத்துக்கொடுத்து, அவனே ஞாபகமும் வைத்திருந்தான். வருகிற சனிக்கிழமை பெண் வீட்டுக்கு ஒரு கிடாரியும், பெண்ணின் தாய்க்கென்று ஒரு தொகையும் கொண்டுபோவதாகப் பேச்சு. மிச்ச மாடுகள் போகப் போக. எங்களில் பெண்ணெடுத்த கடனை ஒரேயடியாக அடைத்தவன் எவனும் இல்லை, அடைப்பது மரியாதையும் இல்லை. தாய்க்கான தொகையை அடுவோல் நோட்டாகத் தகரப் பெட்டியில் வைத்திருந்தாள். கிடாரிக்கான மீன் பணம்தான் போனில் இருந்தது.

மத்தியானம் ஒவிட்டி ஒரு சிவப்புக் கிடாரியை ஓட்டிக்கொண்டு வந்தான். நெற்றியில் வெள்ளை, கொம்பு இப்போதுதான் முளைத்து நிற்கிறது, கண்ணில் பயம் இல்லை. அக்கம்பக்கத்தார் வந்து முதுகைத் தடவி, பல்லைப் பார்த்து, வால் நீளத்தைக்கூடப் பாராட்டினார்கள். ஒரு நோட்டையும் யாரும் தொடாமலே ஒரு மாடு வீடு வந்து சேர்ந்துவிட்டது.

சாயங்காலம் ஒலுவோச் வந்தான். வரும்போதே முகம் மலர்ந்திருந்தது.

“என்ன அண்ணி, பணம் வந்துதா?”

“வந்துச்சுப்பா, நல்லாயிருப்ப. இப்பவாவது எஞ்சினு ஞாபகம் வந்துதே.”

“எந்த எஞ்சினு?” ஒலுவோச் கிடாரியின் கழுத்தைச் சொறிந்துகொண்டே சொன்னான். “ஏரியோரம் அண்ணன் பங்கு ஒரு துண்டு நிலம் கெடந்துதுல்ல. டவுன்லேர்ந்து ஒருத்தன் விடுதி கட்டணும்னு வந்தான். முடிச்சுட்டேன். உன் பங்கை அப்படியே அனுப்பிட்டேன், ஒரு ஷில்லிங்கு நான் தொடல. கல்யாணச் செலவு இருக்கும்ல.”

அடுவோல் மீன் அலசும் தொட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

“நெலம் வித்த காசையா என் போன்ல போட்ட?”

“பின்ன, உன் காதுலயா போடுவாங்க?”

“ஒலுவோச், மாட்டுக் காசு அதுக்குள்ளதான்டா இருந்துச்சு.”

அவன் கை கிடாரியின் கழுத்திலிருந்து தானாக விலகியது. அவனும் இந்தக் கரையில் பிறந்தவன்தான். “மாடு என்னைக்கு வாங்கினான்?” என்று கேட்டான்.

“இன்னைக்குக் காலையில.”

“நான் நேத்தே அனுப்பிட்டனே.” நேற்று என்று சொல்லும்போதே அவன் குரல் இறங்கிவிட்டது. “நான் பந்தலு, சோறு, சோடா இந்தச் செலவுக்குன்னு நெனச்சு... மாடு முன்னாடியே வாங்கியிருப்பீங்கன்னு...” என்று முனகினான். அவள் எழுந்து டீ போடப் போனாள். அவன் அதைக் குடிக்காமலே போய்விட்டான்.

களியும் மீனும் வைத்தபோது ஒவிட்டியிடம் சொன்னாள். அவன் களியை உருட்டிக்கொண்டே கேட்டான், நிறுத்தவில்லை.

“பணத்துல ஏதும்மா கசப்பு? நாக்குல வெச்சுப் பாத்தியா?”

“வெளையாடாதடா.”

“போன்ல இருக்கறது வெறும் நம்பரும்மா. நம்பருக்கு நெலம் தெரியுமா, மீனு தெரியுமா? சனிக்கெழம மாடு போவுது. நீ இதைப் போயி யார்கிட்டயும் பேசிட்டு நிக்காத. அபோண்டி வீட்டுல காதுல விழுந்துச்சுன்னா, அவங்க அம்மா பொண்ணை அனுப்ப மாட்டாங்க. அப்புறம் நான் மனுஷனா இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்.”

அவன் கேட்டதற்குப் பதில் அவன் பெயரிலேயே இருந்தது. ஒவிட்டி என்றால் எறியப்பட்டவன். அவனுக்கு முன்னால் அவள் நான்கு பெற்றாள். அவளுடைய மாமனார் நியாத்திகேத் தங்கக் குழியில் வருஷக்கணக்கில் மண் சலித்தவர். அந்தக் காசில் மாடு பிடித்துத்தான் அவளைத் தன் மகனுக்குக் கட்டினார். கல்யாணத்தன்று யாரும் கேட்கவில்லை. முதல் குழந்தை போனபோது காய்ச்சல் என்றார்கள். இரண்டாவதும் போன பிறகு, மாடு எப்படி வந்தது என்று பெண்கள் தங்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள். நான்காவதைப் புதைத்துவிட்டு வந்த அன்று அடுவோல் மாமனாரின் முகத்துக்கு நேராக, “உங்க தங்கம்தான் தின்னுது” என்றாள். கிழவர் எழுந்துபோய் வேலியோரம் முக்காலியில் உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகு அவர் சாகும்வரை அவள் அவருக்குத் தன் கையால் ஒரு வாய்க் கஞ்சி கொடுத்ததில்லை. மூத்த ஓரகத்திதான் கொடுத்தாள்.

ஐந்தாவதாகப் பிறந்தவனை வழக்கப்படி குப்பைமேட்டில் கொண்டுபோய்ப் போட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி ‘யார் பெற்ற பிள்ளையோ’ என்று எடுத்து வந்தாள். அடுவோல் அவளுக்குச் சில்லறை கொடுத்துத் தன் மகனையே விலைக்கு வாங்கினாள். சாவு ஏமாந்ததோ, அலுத்துப்போனதோ, பிள்ளை நின்றுவிட்டது. இப்போது அந்தப் பிள்ளை அபோண்டி என்று ஒருத்தியைக் கூட்டி வரப்போகிறான். சிரித்தால் கண் இரண்டும் காணாமல் போகிற பெண். போன முறை வந்தபோது சொல்லாமலே துடைப்பத்தை எடுத்து வாசலைக் கூட்டினாள். அவளைத் தன் கையாலேயே குழிக்கு அழைத்து வருகிறோமோ என்ற நினைப்பு வந்ததும் அடுவோல் தன் பங்குக் களியை மூடி வைத்துவிட்டாள்.

மாட்டுக்குப் போனது மீன் பணமா, நிலப் பணமா? அது மட்டும் தெரிந்துவிட்டால் போதும். காலையில் முதல் வேலையாக ஒங்கோரோவின் தகரக் கடைக்குப் போனாள். போனில் பணம் போடுவதும் எடுப்பதும் அவன் கடையில்தான். முன்னால் ஒரு படகுத் தச்சர் நின்றுகொண்டிருந்தார்.

“ஒங்கோரோ, போன்ல ரெண்டு பணம் இருந்தா, எது மொதல்ல வெளிய போவும்?”

“பணம் ஒண்ணுதானே அக்கா, அது என்ன ரெண்டு?”

“மீன் பணம் ஒண்ணு. இன்னொண்ணு வேற பணம்.”

ஒங்கோரோ பேனாவைக் கீழே வைத்தான். குரலைத் தணித்துக்கொண்டான். “வேற பணம்னா, வேற பணமா?”

“ஆமா.”

“எது முன்னாடி வந்துச்சு?”

“மீனு.”

“அப்ப கவலய விடுங்க. முன்னாடி வந்தவன் முன்னாடி போவான். ஆஸ்பத்திரியில, பஸ்சுல, எல்லா எடத்துலயும் அப்படித்தானே. மாட்டுக்குப் போனது மீன் காசு. மிச்சம் உள்ள நிக்குதே, அதான் மத்தது.”

நேற்றுச் சாயங்காலத்திலிருந்து அடைத்துக்கொண்டிருந்த மூச்சு அவளுக்கு அப்போதுதான் வெளியே வந்தது. அவன் கையைப் பிடித்துக் கும்பிடலாம் போல இருந்தது. படகுத் தச்சர் சும்மா இருந்திருக்கலாம்.

“அது எப்படி?” என்றார் அவர். “கஞ்சிப் பானையில கடைசியா ஊத்தினதுதானே மேல நிக்கும்? அகப்பை மேலேருந்துதானே மொள்ளும்?”

“யோவ், இது பானை இல்லய்யா.”

“பின்ன வரிசையா? நீ உள்ள போயி எட்டிப் பாத்தியா?”

ஒங்கோரோ பார்த்ததில்லை. அவன் தலையைச் சொறிந்தான். தச்சர் அடுவோலைப் பார்த்தார். வம்புக்குப் பேசுகிற முகம் இல்லை அது. “பாலுல தண்ணி கலந்தா அப்புறம் எதும்மா பாலு, எது தண்ணி? கலந்துட்டா கலந்ததுதான்” என்றார்.

அவள் போனில் மிச்சமிருந்த அத்தனையையும் ஒலுவோச்சுக்கே திருப்பி அனுப்பச் சொன்னாள். ஒங்கோரோ அனுப்பினான். அவள் வீட்டு வேலியை எட்டுவதற்குள் போன் டிங் என்றது. ஒலுவோச் அதைத் தொட்ட சூட்டோடு திருப்பி அனுப்பிவிட்டான். நிலத்தை விற்கத் துணிந்தவனுக்கு அந்தக் காசைத் தன் போனில் வைத்துக்கொள்ளத் துணிவில்லை.

வியாழக்கிழமை, ஒவிட்டி சவாரிக்குப் போன பிறகு, அவள் கிடாரியை அவிழ்த்துக்கொண்டு கிளம்பினாள். ஒவிட்டி வாங்கிய சந்தைக்குப் போகவில்லை. அங்கே தெரிந்த முகங்கள் அதிகம். மலைக்கு அந்தப் பக்கத்துச் சந்தைக்கு நடந்தாள். விற்றுவிட்டு, அந்தக் காசைக் கூரைத் தகரத்துக்கோ எதற்கோ போட்டுவிட்டு, பெண் வீட்டாரிடம் காலில் விழுந்தாவது தவணை வாங்கிக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு. மகன் கத்துவான். கத்தட்டும். மாடு காணாமல் போய்விட்டது என்று சொல்லலாமா என்றுகூட யோசித்தாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் எந்தப் பொய்யும் நான்கு அடிக்கு மேல் கூட வரவில்லை. கிடாரி பாவம், அவள் கையிலிருந்த மீன் உப்பை வழியெல்லாம் நக்கிக்கொண்டே வந்தது. அதற்கு என்ன தெரியும்? திட்டவும் மனசு வரவில்லை.

சந்தையில் நின்ற கொஞ்ச நேரத்திலேயே ஒரு பெரியவர் வந்தார். சலவை மடிப்புக் கலையாத சட்டை, கையில் கைத்தடி. கிடாரியைச் சுற்றி வந்து பார்த்தார். பேரம்கூடப் பேசவில்லை, ஒவிட்டி கொடுத்ததைவிட அதிகமாகவே சொன்னார். அடுவோல் கயிற்றை நீட்டிவிட்டாள். அவரும் பிடித்துவிட்டார். பிடித்துக்கொண்டே கேட்டார்.

“சுத்தமான மாடுதானே தாயி? தப்பா நெனச்சுக்காத. பேரனுக்குப் பொண்ணெடுக்கறோம், அதுக்குத்தான்.”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. மாடும் போகும், பயமும் போகும். எவளோ ஒருத்தி, முகம்கூடத் தெரியாது, மலைக்கு இந்தப் பக்கம் அவள் பாட்டுக்கு வாழ்ந்துவிட்டுப் போகிறாள் அல்லது போகவில்லை. அந்த முகம் தெரியாதவளுக்கு அபோண்டியின் முகம்தான் அடுவோலின் மனசில் வந்து ஒட்டிக்கொண்டது. அவள் கயிற்றைத் திரும்ப இழுத்தாள்.

“விக்கலைங்க.”

“இப்பத்தானே கயித்தைக் குடுத்த?”

“மனசு மாறிடுச்சு.”

“விக்காத மாட்டை எதுக்கும்மா சந்தைக்கு ஓட்டிட்டு வந்த? ஊரு சுத்திக் காட்டவா?” பெரியவருக்குக் கோபம்தான். பக்கத்தில் நின்ற தரகர்கள் சிரித்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு மாட்டை ஓட்டிக்கொண்டு திரும்பினாள். வந்த தூரத்தைவிடத் திரும்புகிற தூரம் அதிகமாக இருந்தது. இப்போது ஒரே ஒரு வழிதான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை ஒரு கூடை ஒமேனாவை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிச் சிந்தோ சந்தைக்குப் போனாள். அபோண்டியின் தாய் கொன்சொலாட்டா அங்கே பழைய துணி விற்கிறாள். பிள்ளையின் தாய் இப்படித் தனியாகப் பெண்ணின் தாயைத் தேடிப் போவது எங்களில் கிடையாது. நடுவில் ஆள் வைத்துத்தான் பேசுவது. ஆனால் இதைச் சொல்ல எந்த ஆளை வைப்பது? கொன்சொலாட்டாவின் வாயைப் பற்றி இரண்டு கரையிலும் பேசுவார்கள். மூட்டை அவிழ்க்கும் முன்பே விலை சொல்லி, வாங்காமல் போகிறவளைப் பேசியே திரும்பக் கூட்டி வருகிறவள்.

“யாரது, சம்பந்தியா?” என்றாள் அவள் அடுவோலைப் பார்த்ததும். “சனிக்கெழம இன்னும் வரலையே. அதுக்குள்ள பொண்ணு எளைச்சுட்டாளான்னு பாக்க வந்தீங்களா?”

“மீன் விக்க வந்தேன்.”

“உங்க கரையில மீன் திங்க ஆளில்லாமதான் பஸ்சுக்குக் காசு குடுத்து இங்க கொண்டாந்தீங்களாக்கும்.” சொல்லிக்கொண்டே ஒரு மூட்டையைத் தட்டி உட்கார இடம் செய்தாள். மகளைக் கூப்பிட்டு டீ வாங்கிவர அனுப்பினாள். அபோண்டி அடுவோலைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கண் காணாமல் போய், குவளையோடு ஓடினாள். மகள் மறைகிற வரைக்கும் கொன்சொலாட்டா பார்த்திருந்துவிட்டு, “ம், சொல்லுங்க” என்றாள்.

அடுவோல் சொன்னாள். போன் அடித்தது, மாடு வந்தது, கொழுந்தன் வந்து சொன்னது, தகரக் கடை, மலைக்கு அந்தப் பக்கத்துச் சந்தை, எதையும் விடவில்லை. சொல்லும்போது கூடையிலிருந்த மீனைக் கையால் புரட்டிக்கொண்டே இருந்தாள், அதற்கு இங்கே அவசியமே இல்லை. கொன்சொலாட்டா ஒரு சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்து, இன்னொன்றை எடுத்தாள்.

“கை நிறைய வெல சொன்னாரு அந்தப் பெரியவரு,” என்றாள் அடுவோல். “பேரன் கல்யாணம்னு சொல்லிட்டாரு. அப்புறம் எப்படிக் குடுக்கறது? ஓட்டிட்டு வந்துட்டேன். இப்ப உங்ககிட்ட வந்து நிக்கறேன். கல்யாணம் வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க சம்பந்தி. என் பையன் அழுவான், அழுதுட்டுப் போறான். உங்க பொண்ணு இருக்கணும்.”

“நீங்க இங்க வந்தது உங்க பையனுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“சொல்லாதீங்க. அவன் மூஞ்சில நாளைக்கு நான் முழிக்கணும்.” கொன்சொலாட்டா இரண்டாவது சட்டையையும் மடித்து அடுக்கின்மேல் வைத்தாள். “நாளைக்கு மாட்டை ஓட்டிட்டு வாங்க.”

“சம்பந்தி, இது வெளையாட்டு இல்ல...”

“என்னை என்ன மாட்டுல கட்டினாங்க, தெரியுமா உங்களுக்கு?” கொன்சொலாட்டா அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கிட்டத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். அந்தக் குரல் சந்தைக்கான குரல் இல்லை. “தங்கக் குழி மாடு. எங்க மாமனாரு நியாத்திகேல மண்ணு சலிச்சவரு. எட்டு மாடு. எட்டும் அந்தக் காசு. என்ன பணம்னு எங்கம்மா கேட்டதுக்கு, மீன் காசுன்னு வாய் கூசாம சொன்னாரு. அவரு வாழ்நாள்ல வலை தொட்டதில்ல. எனக்கு விஷயம் தெரியறப்ப மூத்தவன் வயித்துல. ஒவ்வொரு பிரசவத்துக்கும் நான் செத்துச் செத்துப் பொழைச்சேன் சம்பந்தி. ஒவ்வொண்ணுக்கும் ராத்திரியெல்லாம் மூக்குல விரலை வெச்சு மூச்சு வருதான்னு பாப்பேன். யார்கிட்டயும் சொன்னதில்ல, இவங்கப்பாகிட்டகூட. ஆறு பெத்தேன். ஆறும் இருக்கு. இவ அஞ்சாவது. கசப்பு எங்க போச்சு, யாரைத் தேடிப் போச்சு, எனக்குத் தெரியாது. என் வாசலுக்கு வரல. பொய் சொல்லிக் குடுத்த மாட்டுலயே ஆறும் நின்னுது. நீங்க சந்தை வரைக்கும் போயி விக்க மனசு வராம ஓட்டிட்டு வந்த மாடு. ஓட்டிட்டு வாங்க.”

“சந்தோஷம் சம்பந்தி” என்றாள் அடுவோல்.

சந்தோஷம்தான். பயந்த பயமெல்லாம் இல்லை என்று ஆகிவிட்டது. பெண் வருகிறாள், மாடு போகிறது, மகன் மனுஷனாக இருப்பான். எழுந்து நின்று குலவை போடலாம். ஆனால் ‘ஆறும் இருக்கு’ என்ற இரண்டு சொல்லைத் தாண்டி அவளால் நகர முடியவில்லை.

அதே நியாத்திகே. அதே குழி. ஒருவேளை இரண்டு கிழவர்களும் பக்கத்துப் பக்கத்தில் நின்றே மண் சலித்திருப்பார்கள். அப்படியானால் அவளுடைய நான்கும் எதனால் போயின? இத்தனை வருஷமும் அவளுக்கு விடை தெரிந்திருந்தது. அந்த விடை வேலியோரம் முக்காலியில் உட்கார்ந்திருந்தது. வாசலைத் தாண்டும்போதெல்லாம் அவள் அதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இப்போது அந்த முக்காலியில் ஒரு கிழவர் மட்டும்தான் உட்கார்ந்திருந்தார். மகனுக்குப் பெண் கொண்டுவர வேண்டும் என்று வருஷக்கணக்கில் குழிக்குள் இறங்கி ஏறியவர். காய்ச்சல் என்று முதலில் சொன்னார்களே, வெறும் காய்ச்சலாகவே இருந்திருக்கும். ஆஸ்பத்திரி அக்கரையில் இருந்தது, படகு கிடைக்கவில்லை, குழந்தைகள் போய்விட்டன. திட்டுவதற்கு யாரும் இல்லை. நான்கும் இன்றைக்குத்தான் செத்த மாதிரி அவளுக்கு நெஞ்சு பிளந்தது. கண்ணீர் கூடையில் மீன்மேல் விழுந்தது, அவள் துடைக்கவில்லை.

கொன்சொலாட்டா அதைப் பார்த்தாள். பயம் தெளிந்த அழுகை என்று நினைத்திருக்க வேண்டும், முதுகைத் தட்டிக் கொடுத்துவிட்டு, சட்டை விலை கேட்டு வந்த ஒருத்தியிடம் திரும்பிவிட்டாள்.

அபோண்டி டீக் குவளையோடு வந்தாள். மந்தாசிப் பணியாரமும் வாங்கி வந்திருந்தாள், அவளாகவே. அடுவோலின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. குவளையைக் கீழே வைத்துவிட்டு முன்னால் மண்டியிட்டாள்.

“என்ன அத்தை? அம்மா ஏதாச்சும் கடுமையா சொல்லிட்டாங்களா? அவங்க வாய்தான் அப்படி, மனசுல ஒண்ணும் இருக்காது.”

“இல்லம்மா. நல்ல சேதிதான் சொன்னாங்க.” அடுவோல் அந்தப் பெண்ணின் கன்னத்தை மீன் நாற்றமடிக்கிற கையால் தொட்டாள். “நீங்க ஆறு பேரும் இருக்கீங்களாம்.”